விசாகப்பட்டினம் வழியாகக் கோலாலம்பூர்

இந்தத் தடவை விமானம் ஏறியே தீருவது என்று ஜெரால்ட் முடிவு கட்டிவிட்டார். பெண்டாட்டி தடுத்தாலும் சரி, பெண்டாட்டியின் அண்ணன் தடுத்தாலும் சரி.

ராயபுரத்தில் அவர் வெறும் குடோன் சூப்பர்வைசர். இணையத்தில் வேறு ஆள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று உலகமே கூடி எழுதும் விக்கிக் கலைக்களஞ்சியத்தில் அவர் ஒரு புலி. ஆதாரமில்லாமல் ஒரு வரி எழுதினால் போதும், பாய்ந்து போய் 'சான்று தேவை' என்று குத்திவிட்டு வருவார். அடுத்தவர் கருத்தை அழித்தால் எச்சரிக்கை, திரும்ப அழித்தால் ஒரு நாள் தடை என்ற விதியே அவர் சண்டை போட்டுக் கொண்டுவந்ததுதான். அவர் மனைவி ஹில்டா, மீனைக் குழம்பில் போடுமுன் ஒரு படம் எடுப்பாள். அந்தப் படங்களை விக்கியில் ஏற்ற அவளுக்கே தனிக் கணக்கு தொடங்கிக் கொடுத்தார். "எடுத்தவங்க பேர்லதான் ஏத்தணும். அதான் ரூல்ஸு!"

அப்பேர்ப்பட்டவருக்குக் கோலாலம்பூரில் நடக்கும் சர்வதேச விக்கி மாநாட்டில் பேச அழைப்பு. டிக்கெட், ரூம், சோறு, எல்லாம் ஓசி. பேச்சின் தலைப்பு, 'மறைக்க ஒன்றுமில்லை'.

மறைக்க ஒன்று இருந்தது. அதே வாரம் காத்திவாக்கத்தில் ஹில்டாவின் அண்ணன் இன்னாசி கட்டிய புதுவீட்டை சர்ச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரிக்கிறார். வீட்டு மாப்பிள்ளை முன்னால் நிற்காவிட்டால் அந்தக் குடும்பம் ஏழு தலைமுறைக்குப் பேசும்.

"ஹில்டா, ஆபீஸ்ல ட்ரெய்னிங் போட்டுட்டானுங்க. விசாகப்பட்டினம். எவ்ளோ சொல்லியும் கேக்கல."

"அண்ணன் வூட்டு விசேசம் கீதே?"

"அதான் எனக்கும் பேஜாரா கீது."

ஹில்டா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சான்று?"

"இத்தினி வருசம் குடித்தனம் பண்ணிட்டு, புருசன்கிட்ட சான்று கேக்கறியா?"

"நீ ஊரு பூரா கேக்கற. நான் ஒர்த்தரண்ட கேட்டா தப்பா? சரி வுடு, போய்ட்டு வா. பொட்டி நானே கட்றேன்."

பெட்டி கட்டுகிறாளாம்! ஜெரால்டுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு உபைதுல்லாவிடம் ஓடினார்.

"டபாய்ச்சிட்டேன் தோஸ்து!"

"பாபி இன்னா சொன்னாங்க?"

"பொட்டி கட்றா."

உபைதுல்லாவின் முகம் விழுந்துவிட்டது. "மாமு, என் வூட்ல கத்துனாங்கன்னா நிம்மதியா சோறு துன்னுவேன். கத்தாம பொட்டி கட்னாங்கன்னா, துண்ட எடுத்துக்கினு மசூதியாண்ட போய்டுவேன்."

"போய்யா பயந்தாங்கொள்ளி" என்று சிரித்துவிட்டு வந்தார் ஜெரால்ட்.

மறுநாள் சாயங்காலம் விக்கியில் தன் பக்கத்தைத் திறந்தார். கோலாலம்பூர் போகும் பெருமை தாங்காமல் அவரே அங்கே கொட்டை எழுத்தில் போட்டுவைத்திருந்தார். உலகமே படிக்கும் அந்தப் பக்கத்தில், அதற்குக் கீழே ஒரு புதுக் குறிப்பு. 'இவர் என் கணவர். என்னிடம் விசாகப்பட்டினம் என்றார். எது சரி? சான்று தேவை. ஹில்டா.'

அடிப்பாவி! அழித்தார். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் அதை மீட்டுப் போட்டு, எச்சரிக்கையும் விட்டார். திரும்ப அழித்தார். ஒரு நாள் தடை. தானே கொண்டுவந்த விதி தன் தலையிலேயே விழுந்ததில் ஜெரால்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் வாய் கட்டப்பட்டிருந்த அந்த ஒரு நாளில் டொராண்டோ, பாரிஸ், பெங்களூர் என்று ஒரு கூட்டமே அந்தப் பக்கத்தில் பாய் விரித்துவிட்டது. மச்சான் வீட்டு விசேஷத்துக்கு மாப்பிள்ளை போவதே முறை என்று ஏகமனதாகத் தீர்ப்பு.

ஜெரால்ட் அசருகிற ஆளா? தடை நீங்கியதும் புதுத் திட்டம் போட்டார். பெருந்தன்மையாக இடத்தை விட்டுக்கொடுத்தால், 'ஐயோ, நீங்கள் இல்லாத மாநாடா!' என்று எல்லோரும் கெஞ்சுவார்கள். ஹில்டாவும் இளகிவிடுவாள். 'எனக்குக் குடும்பமே முதன்மை. என் இடத்தை விட்டுக்கொடுக்கிறேன்' என்று எழுதிவிட்டுக் காத்திருந்தார்.

ஒருத்தரும் கெஞ்சவில்லை. கைதட்டல் படங்களாக வந்து குவிந்தன. மாநாட்டுக் குழுவும் பதில் போட்டது. 'மிக்க நன்றி. காத்திருப்பவர்களில் முதல் நபருக்கு உங்கள் இடத்தைக் கொடுத்துவிட்டோம்.'

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். "உங்கண்ணன் வூட்டு மந்திரிப்புக்காக எல்லாத்தையும் வுட்டுட்டேன். திருப்தியா?"

"அதுவா? சாமியாருக்குத் தோதுப்படலன்னு அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டாங்களே."

"எப்போ?"

"நீ ட்ரெய்னிங்னு பீலா வுட்டியே, அன்னிக்குக் காலைல. உண்மைய சொல்லுவியான்னு பாத்தேன். சொல்லிருந்தா நானே ஏரோப்ளேன் ஏத்தி வுட்டுருப்பேன்."

ஜெரால்ட் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என் சீட்ல எவனோ போயி ஒக்காரப் போறான்."

இனி பெட்டி எதற்கு, சட்டைகளையாவது எடுத்து வைப்போம் என்று அவர் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தார். ஒரு சட்டை இல்லை. அத்தனையும் ஹில்டாவின் புடவைகள். மேலாக, ஜெருசலேம் யாத்திரைக்கென்று எடுத்துவைத்த அவளுடைய பாஸ்போர்ட்.

"இன்னா அப்டிப் பாக்கற? மீன் படம்லாம் காட்டி நானும் மனு போட்டு, மொத ஆளா காத்துக்கினு இருந்தேன். நீ தொறந்து குடுத்த கணக்குதான்" என்றாள் ஹில்டா வாசற்படியில் நின்றபடி. "ஃப்ரிட்ஜில வஞ்சிரம் கீது. நான் வர்ற வரைக்கும் நீயே கொழம்பு வச்சிக்க. படம் எடுத்தா உன் பேர்லயே ஏத்து. அதான் ரூல்ஸு."