அரைச்சுத்து ஐயாவின் பிஸ்டல்

பலாங்கொடைக்கு மேலே உள்ள அத்தனை தோட்டங்களிலும் அரைச்சுத்து ஐயா அளவுக்கு ஆட்களை நடுங்கவைத்தவர் வேறு யாரும் இல்லை. அவர் குறிபார்த்த இடத்தில் நின்றவருக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்தில் நின்றவர்தான் குலதெய்வத்தைக் கூப்பிட வேண்டும்.

அவர் எங்கள் தோட்டத்து ஆபீஸ் செக்யூரிட்டி. இடுப்பில் ஆபீஸ் பிஸ்டல். அதன் பின்பக்கத்தில், குறிபார்க்கும் சைட்டில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். சனிக்கிழமை வந்தால் என் மேசை லாச்சியைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார்.

"இன்னும் அரைச் சுத்துதான் கிளாக்கரய்யா. ஹரியாயிடும்."

பிறகு பழைய கல்குவாரியில் ஒரு பிஸ்கட் டின் மூடியை மாட்டிச் சுடுவார். குண்டு எங்கே பட்டது என்று பார்த்துச் சொல்வது என் தலையெழுத்து. குண்டு இடது பக்கம் போனால் பின் சைட்டை வலது பக்கம் நகர்த்த வேண்டும். இவர் இடது பக்கமே நகர்த்திக்கொண்டிருந்தார். முதல் வாரம் மூடியின் ஓரம். அடுத்த வாரம் பலாமரம். மூன்றாம் வாரம் ஆபீஸ் கக்கூஸின் தகரக் கூரை.

"ஐயா, நான் இன்னும் முடிக்கலிங்க!" என்று பெரிய கங்காணி உள்ளேயிருந்து அலறினார்.

கடைசியில் கேகாலையில் இருந்த அவருடைய மச்சான், பழைய ஆமிக்காரர், போனில் விஷயத்தைச் சொன்னார். அந்தச் சனிக்கிழமை ஐந்து குண்டும் மூடியின் நடுவில். ஐயா மனைவியின் நகப்பூச்சை எடுத்து சைட்டில் ஒரு புள்ளி வைத்தார்.

"இந்தப் புள்ளியும் கீழ இருக்கிற கோடும் நேரா நின்னா எமன்கூட தப்ப முடியாதுங்க."

அந்தச் செவ்வாய்க்கிழமையே, என் மேசைக்கடியில் படுத்துக்கிடக்கும் நாய் ராணி, புதுசாக வந்த மேனேஜர் தொரையின் பைக்கைத் துரத்தியது. தொரை தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தார்.

"இன்னைக்கே நாயைச் சுட்டுடு!" என்று ஐயாவைப் பார்த்துக் கத்தினார்.

நான் ஐயாவிடம் ஓடினேன். "ஐயா, அது யாரையும் கடிக்கலிங்க. விட்டுடுங்க."

"தொரை உத்தரவுங்க. நான் என்னா செய்ய?" என்றவர், என் முகத்தைப் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இன்னும் துல்லியமாக்கப் போகிறார் என்று நினைத்தேன். அந்த நிமிஷம் அவரை வெறுத்தேன்.

முற்றத்தில் ராணி அவரைப் பார்த்து வாலாட்டியது. எனக்குப் பார்க்கத் துணிவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

டமார்!

கண்ணைத் திறந்தால் தொரையின் பைக் கண்ணாடி தூள்தூளாகக் கிடந்தது. தொரை தண்ணீர் டாங்கிக்குப் பின்னால் குந்தியிருந்தார். ராணி தேயிலைக்குள் பாய்ந்து மறைந்துவிட்டது.

"சைட் எக ஹரி நே, சேர்," என்றார் ஐயா பணிவாக. சைட் சரியில்லையாம்!

தொரை பிஸ்டலைப் பிடுங்கி என்னிடம் தந்து, பூட்டி வைக்கச் சொன்னார். ஐயாவுக்கு அது திரும்பக் கிடைக்கவே இல்லை. கேட்டில் விசில் ஊத விட்டார்கள். தோட்டமே அவரைப் பார்த்துச் சிரித்தது.

பூட்டுவதற்கு முன் பார்த்தேன். புள்ளி ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம். குண்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு சைட்டைத் திருகி நேராக்கினேன். அரைச் சுற்று இல்லை, மூன்று முழுச் சுற்று.

ராணி இப்போது கஹவத்தையில் என் அக்கா வீட்டில் இருக்கிறது. நான் அங்கே போய்த் திரும்பும் திங்கட்கிழமைகளில் ஐயா கேட்டைத் திறந்துகொண்டே, யாருக்கும் கேட்காமல் விசாரிப்பார்.

"ராணி நல்லா சாப்புடுதுங்களா?"

எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும்.