ஆல்பர்ட் சார் உள்பக்கம் பார்க்கிறார்

மனிதர்களில் உள்பக்கம் பார்க்கிறவர் என்று ஒரு ரகம் உண்டு. உங்கள் ஊரில் அவர் மெக்கானிக்காகவோ சமையல்காரராகவோ இருக்கலாம். எங்கள் பெரம்பலூரில் பாலக்கரைக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில், கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். பெயர் மரிய ஆல்பர்ட். சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. தொழில், வெப்சைட் செய்து தருவது. 'தருவது' என்பதை மட்டும் கொஞ்சம் தள்ளுபடி செய்து வாசியுங்கள்.

வெப்சைட் செய்ய இன்று இரண்டு வழி. படத்தையும் எழுத்தையும் விரலால் இழுத்து வேண்டிய இடத்தில் போட்டால் பக்கம் தானாகத் தயாராகிவிடும், அது ஒன்று. ஒவ்வொரு வரியையும் கையால் கோடிங் எழுதுவது இன்னொன்று. இழுத்துப் போடுகிறவர்களை ஆல்பர்ட் சார் ஆளாகவே மதிப்பதில்லை. யார் எந்த வெப்சைட்டைக் காட்டினாலும் அதில் என்ன இருக்கிறது என்று படிக்கமாட்டார்; ரைட் கிளிக் செய்து, பின்னால் இருக்கும் கோடிங்கைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மேலிருந்து கீழே உருட்டிப் பார்த்து, உச்சுக்கொட்டுவார். தங்கை மகள் ஆனி ரோஸ் தன் கல்யாண அழைப்பை அப்படி ஒரு வெப்சைட்டாக அனுப்பினாள். அதில் எத்தனை வரி வீண் என்று இன்றைக்கும் அவர் சொல்லுவார். கல்யாணத் தேதியைத்தான் பார்க்காமல் விட்டுவிட்டார்.

அவருடைய சொந்த வெப்சைட்டா? பத்து வருடமாக 'விரைவில்' என்ற ஒரே சொல்லோடு இருக்கிறது. ஆனால் அழுத்தின உடனே திறந்துவிடும்.

போன நோன்புக்கு இரண்டு மாதம் முன்னால், லப்பைக்குடிக்காட்டிலிருந்து மர்ஜியா இவரைத் தேடி வந்தார். வீட்டிலேயே புர்கா தைத்து, கையில் பூவேலை செய்து விற்கிறவர். ஒவ்வொரு பூவேலையும் ஒன்றே ஒன்றுதான். ஒருத்தி போட்டதை இன்னொருத்தி மேல் பார்க்க முடியாது. ஊரில் அவருக்கு இருந்த பெயரே அதுதான். வளைகுடாவில் இருக்கும் கணவன்மார் அங்கிருந்தே படத்தைப் பார்த்து, பெருநாளைக்கு மனைவிக்கென்று ஒன்றை வாங்கி வைக்க வேண்டும் என்பது அவர் யோசனை. கணவர் அப்துல் ஹாதி ஷார்ஜாவிலிருந்து, இழுத்துப் போட்டாலே போதுமே என்றிருக்கிறார். ஆல்பர்ட் சார் அதை நெருப்பை மிதித்தவர் போலக் கேட்டுவிட்டு, எழுத உட்கார்ந்தார்.

எழுதினார், எழுதினார், பத்தாம் நோன்பு வரை எழுதினார். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே எழுதினார். அத்தனை படங்களும் ஒரு புள்ளி சிக்னலில் கூடத் திறந்தன. வாங்கும் பட்டனை அழுத்தியவருக்கு 'இது உங்களுக்கே' என்று தானாகப் பதில் போனது. விற்றதை நீக்குவது மட்டும் ஆல்பர்ட் சாரால்தான் முடியும். அதற்கான வரிகளை நிதானமாக, சுத்தமாக எழுத வேண்டும் என்று ஒதுக்கி வைத்திருந்தார். வைத்துவிட்டு, தவக்காலத் தியானத்துக்காக மூன்று நாள் ஏலாக்குறிச்சிக்குப் போனார். தியானத்தில் போன் எதற்கு? சென்டரிலேயே பூட்டிவிட்டுப் போனார்.

அந்த மூன்று நாளில், ஊதாப் பூ போட்ட ஒரே ஒரு புர்காவை பதினொரு கணவன்மார் வாங்கினார்கள். பதினொரு பேருக்கும் 'இது உங்களுக்கே' போனது. பதினொரு மனைவிமாரும் இருப்பது அடுத்தடுத்த நான்கு தெருக்களில்.

"ஒரே துணியப் பதினொரு பேருக்கு வித்துருக்கேன். தெருவுல எப்புடிங்க தலை காட்டுறது?" என்று மர்ஜியா ஷார்ஜாவுக்கு போனில் அழுதார். அழுது முடித்து, மதிய லுஹர் தொழுகைக்கும் மாலை அஸருக்கும் நடுவில் உட்கார்ந்து, செல்போனில் தானே இழுத்து இழுத்துப் போட்டு ஒரு புதுப் பக்கம் செய்தார். தலைப்பு கோணல். படங்கள் ஆளுக்கொரு அளவு. ஆனால் விற்ற புர்காவைத் தொட்டால் காணாமல் போனது. பழையதைத் திறக்க வேண்டாம் என்று எல்லாருக்கும் சொல்லியனுப்பினார்.

தியானம் முடித்துத் திரும்பிய ஆல்பர்ட் சாரிடம், சென்டர் கம்ப்யூட்டரிலேயே தன் புதுப் பக்கத்தைத் திறந்து காட்டினார் மர்ஜியா. சார் ரைட் கிளிக் செய்தார்.

"ஒரு பட்டனுக்கு முப்பத்தேழு வரியாம்மா?"

"அது இருக்கட்டும் சார். உங்க சட்டை ரெடிமேடா?"

"ஆமா."

"காலர உள்ள திருப்பிப் பாருங்க, நூலெல்லாம் பிரிஞ்சு கெடக்கு. அதுக்காகக் கழட்டிப் போட்டுட்டா வந்தீங்க?"

ஆல்பர்ட் சார் காலரைத் தடவிக்கொண்டே, முப்பத்தேழில் முப்பத்திரண்டு வீண் என்றார்.

சிரித்துவிட்டீர்கள், சரி. அந்தப் பதினொரு பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டாமா? ஒருத்திக்கு அந்த ஒரே புர்கா போக, ஆறு பேருக்கு மர்ஜியா நோன்போடு உட்கார்ந்து, அதே ஊதாப் பூவைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார். மற்ற நான்கு பேர் இன்றுவரை அவரோடு பேசுவதில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு, மிச்சம் ஐந்து வரியிலேயே ஒரு பட்டன் வந்துவிடுமா என்றுதானே நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தீர்கள்? பாலக்கரையில் இறங்குங்கள். சென்டரில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறது.