கப்பலில் கோழி கைமாறிய விவரம்

லிக்கோமா தீவு,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அக்கா எனலேசிக்கு,

நான் நலம், நீ எப்படியோ. நம் ஊர் வழக்கப்படி கடிதம் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதினேன். உண்மையில் நான் நலமில்லை. நீ எப்படி இருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். அத்தானுக்கு என் வணக்கம். டெட்சாவில் குளிர் விட்டதா என்று நான் விசாரித்ததாகவும், நீ பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

இதைத் தொலைபேசியில் சொல்லாமல் கடிதமாக எழுதக் காரணம் உண்டு. ஐம்பத்திரண்டு வருஷத்தில் நீ என்னை ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாக முடிக்க விட்டதில்லை. காகிதத்தை நீ இடைமறிக்க முடியாது. கிழிக்கலாம். கிழித்தாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய்.

உன் கடைசி மகள் அலினாஃபேயை முன்பின் தெரியாத ஒரு கொத்தனாருக்கு நடுக்கப்பலில் வைத்து நான் நிச்சயம் செய்துவிட்டேன் என்று உனக்கு மூன்று பேர் போன் செய்திருக்கிறார்கள். அவர்கள் சொன்னது பொய். ஆனால் மூவரும் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். இந்த இரண்டு வாக்கியங்களும் எப்படி ஒன்றாக உண்மையாகும் என்பதை விளக்கத்தான் இந்தக் கடிதம். ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

அலினாஃபே லிலோங்வேயிலிருந்து எட்டு நாள் விடுப்பில் மங்கி பே போய்க் கப்பல் ஏறப் போகிறாள், தனியாக, வேலை எதுவும் இல்லாமல், வெறுமனே ஏரியைப் பார்க்க, என்று தெரிந்ததும் நீதானே என்னை அனுப்பினாய்? "தம்பி, நீதான் அவளுக்கு ந்கோஸ்வே. தாய்மாமன் வாயில்லாமல் அவள் கல்யாணப் பேச்சு நடக்காது. அடுத்த சனிக்கிழமை கம்வெண்டோ தன் தங்கை மகனுக்காகப் பெண் கேட்டுச் சேவலோடு வருகிறார். நீ போய் அவளை இறக்கிக் கூட்டி வா, வருகிற வழியில் நம் பக்கத்துக்குக் கொடுக்க ஒரு கோழியும் வாங்கி வா, வெள்ளையாக இருக்கட்டும், ஒரு கறுப்பு இறகுகூட இருக்கக் கூடாது" என்று சொன்னது நீ. வருகிற வழியில் என்றாய். நான் போகிற வழியிலேயே கொலோமோட்டி சந்தையில் வாங்கிவிட்டேன். நல்ல கோழி திரும்பும்வரை காத்திருக்காது என்பது என் அனுபவம். தலைமை ஆசிரியர் பதவிக்குக் காத்திருந்து, என்னைவிட ஏழு வயது சின்னவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்தவன் நான். ஆகவே கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மங்கி பே துறைக்குப் போனேன், கப்பலில் ஏறினேன், மூன்று தளத்திலும் தேடினேன், மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற உன் மகளைக் கண்டுபிடித்தேன், குடும்பம், மானம், தனியாகப் பயணம் போகும் பெண்களின் கதி ஆகிய மூன்று தலைப்புகளில் பேசத் தொடங்கினேன். நான் இருபத்தாறு வருஷம் புவியியல் நடத்தியவன். என் பாடம் நாற்பது நிமிஷம். முப்பத்தைந்தாவது நிமிஷத்தில் அவள், "மாமா, கரையைப் பாருங்க" என்றாள். பார்த்தேன். கரை போய்க்கொண்டிருந்தது.

"நீ ஏன் முன்னாடியே சொல்லலே?"

"நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க மாமா. பெரியவங்க பேசறப்ப நடுவுல பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

அப்படிச் சொல்லித்தந்தவள் நீ. ஆகவே பழியில் பாதி உன்னுடையது.

அவளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அவள் வெந்நீர் வாங்கப் போன நேரத்தில் அதை நான் திறந்து பார்த்தேன். தாய்மாமனுக்கு அந்த உரிமை உண்டா இல்லையா என்று நீ பிறகு என்னோடு வாதாடலாம். அதில் நாள்வாரியாகத் திட்டம் போட்டிருக்கிறாள். முதல் நாள், கப்பல். இரண்டாம் நாள், தீவு. மூன்றாம் நாள், காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, ஒன்றும் செய்யாமல் இருத்தல். அக்கா, இதைப் படித்ததும் எனக்கு ரத்தம் தலைக்கேறியது. சும்மா இருப்பதற்கு நேரம் ஒதுக்கி, அதை மையால் எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறாள்! அதற்குக் கீழே இப்படி ஒன்று இருந்தது: "எக்ஸ்ரே அறைக்கு ஜன்னல் கிடையாது. காலையில் உள்ளே போனால் சாயங்காலம்வரை மற்றவர்களுடைய எலும்புகளைத்தான் பார்க்கிறேன். ஆகவே வருஷத்தில் ஒரு முறையாவது, எந்தப் பக்கம் திரும்பினாலும் முடிவு தெரியாத ஓர் இடத்தில் நான் நிற்க வேண்டும்." நோட்டை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். அவள் வேலை பார்க்கிற அறைக்கு ஜன்னல் இல்லை என்பது உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. நான்கு வருஷமாக அவளிடம் சம்பளம் எவ்வளவு, எப்போது கல்யாணம் என்ற இரண்டு கேள்விகளைத் தவிர வேறு எதையும் நான் கேட்டதில்லை.

இனி கோழிக்கு வருகிறேன். மத்தியானம் தெற்கிலிருந்து ம்வேரா காற்று பிடித்தது. கப்பல் தொட்டில் மாதிரி ஆடியது. என் பக்கத்தில் யோராம் என்ற தீவுக்காரர், என் வயதுதான், வீட்டில் வளர்ப்பதற்காக ஒரு சிவப்புச் சேவலைக் காலில் கயிறு கட்டி வைத்திருந்தார். அந்த ஆட்டத்தில் அவர் சேவலின் கயிறும் நம் வெள்ளைக் கோழியின் கயிறும் பின்னிக்கொண்டன. கோழி என் மடியில், சேவல் அவர் மடியில், முடிச்சு நடுவில். யோராம், "சார், என் சேவலை நீங்க பிடிச்சுக்குங்க, உங்க கோழியை நான் பிடிச்சுக்கறேன், சிக்கை எடுத்துடலாம்" என்றார். நியாயமான யோசனை. இருவரும் எழுந்து நின்று, முறையாக, இரண்டு கைகளாலும், அவரிடம் நான் கோழியையும் என்னிடம் அவர் சேவலையும் கொடுத்தோம். அந்த நேரம் பார்த்து ஓர் அலை மோதி அலினாஃபே தடுமாற, யோராமின் அக்கா மகன், கொத்தனார் மிஷெக், அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். எங்களுக்கு எதிரே தேவாலய மகளிர் சங்கத்தைச் சேர்ந்த பதினான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு தாய்மாமன்கள், ஒரு கோழி, ஒரு சேவல், நடுவில் கையைப் பிடித்தபடி ஒரு பெண்ணும் பையனும். பதினான்கு பேரும் ஒரே குரலில் குலவையிட்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. மாமன்கள் சேவலும் கோழியும் மாற்றிக்கொண்டால் நிச்சயம் முடிந்தது என்றிருக்கும் நம் நாட்டில் எவரும் அதை வேறு எதுவாகவும் எடுத்துக்கொள்ள முடியாது.

"இல்லைம்மா, கயிறு சிக்கிக்கிச்சு!" என்றேன்.

"கல்யாணம்னாலே சிக்குதானே மாமா!" என்றாள் லெனியா என்ற பருத்த அம்மாள். "வெக்கப்படாதீங்க. என் வீட்டுக்காரரோட மாமாவும் இப்படித்தான், கடைசிவரைக்கும் இல்லை இல்லைன்னே சொல்லிட்டிருந்தார்."

பிறகு பாட்டு, கைத்தட்டல். உனக்கு முதலில் போன் செய்தவள் இந்த லெனியாதான். அவள் தங்கையை டெட்சாவில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறார்களாம். நானும் யோராமும் ஆளுக்கொரு பறவையைப் பிடித்துக்கொண்டு விழித்தோம். திருப்பிக் கொடுத்தால் அது பெண்ணைத் திருப்பி அனுப்பியது போல. பதினான்கு சாட்சிகளுக்கு முன்னால் இரண்டு குடும்பங்களுக்கும் அவமானம். கொடுக்காவிட்டால் நிச்சயம். யோராம் என் காதருகே குனிந்து, "சார், என் மருமகனுக்கு ந்காத்தா பே ஊர்ல ஏற்கெனவே பேசி முடிச்சாச்சு. அந்தப் பொண்ணோட அண்ணனுங்க மூணு பேரும் படகோட்டிங்க. என்னை ஏரியிலேயே போட்டுடுவாங்க" என்றார். உன் மகளோ கம்பியில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மறுநாள் காலை காற்று அடங்கியிருந்தது. நான் சேவலோடு எழுந்து பார்த்தால், தூரத்தில் தண்ணீரிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஒன்றல்ல, ஏழெட்டுத் தூண்கள். பழுப்பு நிறம். ஒவ்வொன்றும் மலை உயரம். "ஏரி எரிகிறது!" என்று கத்திவிட்டேன். மகளிர் சங்கம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அலினாஃபே மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, அது ந்குங்கு. ஏரி ஈ."

"ஈயா?"

"ஏழாம் வகுப்புல நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க. தண்ணிக்கடியில புழுவா இருந்து, ஒரே நாள்ல கோடிக்கணக்கில மேலே வரும்னு. நான் படம்கூட வரைஞ்சேன். நீங்க பத்துக்கு நாலு போட்டீங்க."

அக்கா, நான் இந்த ஏரியைப் பற்றி இரண்டாயிரம் பிள்ளைகளுக்காவது பாடம் எடுத்திருப்பேன். ஐந்நூற்று எண்பது கிலோமீட்டர் நீளம், எழுநூறு மீட்டர் ஆழம் என்று பிரம்பால் தட்டித் தட்டி ஒப்பிக்க வைத்திருக்கிறேன். அதன்மேல் நான் ஒரு நாளும் மிதந்ததில்லை. அந்தத் தூண்கள் அசைந்தன. ஒன்று மற்றொன்றின்மேல் சாய்ந்தது, பிரிந்தது, சூரியன் பின்னால் வந்ததும் உள்ளே பொன்னாகியது. சத்தமே இல்லை. நான் வாயைத் திறந்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சிங்கங்களைப் பற்றிப் புத்தகத்தில் மட்டும் படித்துவிட்டு வகுப்பில் கர்ஜித்துக் காட்டியவனாகத்தான் நான் இத்தனை நாள் இருந்திருக்கிறேன். அவளுக்கு நான் போட்ட நான்கு மதிப்பெண்ணை நினைத்து வெட்கமாக இருந்தது. பேசாமல் பார்க்க அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை.

தீவில் இறங்கினால் செய்தி எங்களுக்கு முன்பே இறங்கியிருந்தது. யோராமின் வீட்டு முற்றத்தில், பெருக்கமரத்தடியில் பாய் விரித்து, பெரிய பானையில் ந்சிமா களி கிண்டி, ஊரே கூடியிருந்தது. என்னை உட்கார வைத்தார்கள். சேவலையும் கோழியையும் நடுவில் வைத்தார்கள். இதிலிருந்து அவமானமில்லாமல் எழுந்து போக நம் சட்டத்தில் ஒரே ஒரு கதவுதான் உண்டு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண்ணின் ந்கோஸ்வே எல்லோர் முன்னிலையிலும் பெண்ணைப் பார்த்து, "இந்தச் சேவலைச் சாப்பிடலாமா?" என்று கேட்க வேண்டும். அவள் வேண்டாம் என்றால் சாப்பிடக் கூடாது. யாருக்கும் அவமானமில்லை, பேச்சு அங்கேயே முடிந்தது.

உன் மூத்த மகள் தியாமிகேயின் நிச்சயத்தில் நானும் இதைக் கேட்டேன், நினைவிருக்கிறதா? கேட்டேன், அவள் வாயைத் திறப்பதற்குள் "சாப்பிடலாம் என்கிறாள்" என்று நானே சொன்னேன். எல்லா மாமன்களும் அப்படித்தான் செய்கிறார்கள். அன்று சபையில் மதிப்புக்குரிய மாமனுக்கென்றே வைக்கும் கோழியின் இரைப்பையை எனக்கு வைக்காமல் மாப்பிள்ளை வீட்டு மாமனுக்கு வைத்தாய். அதைப் பதினொரு வருஷமாக நான் மறக்கவில்லை. தியாமிகேயும் பதினொரு வருஷமாக என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவளுக்கும் அந்த இரைப்பை விஷயத்தில்தான் ஏதோ சங்கடம் என்று நினைத்திருந்தேன். அக்கா, அது இரைப்பை அல்ல.

இந்த முறை கேட்டேன். "அலினாஃபே, இந்தச் சேவலைச் சாப்பிடலாமா?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுளில் செய்த கடினமான காரியம் அது. யோராம் கண்ணை மூடி ஜெபம் செய்தார். மிஷெக் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். உன் மகள் அவசரப்படவில்லை. புகைத்தூண்களைப் பார்த்தது போலவே எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"வேண்டாம் மாமா" என்றாள். "இதுவும் வேண்டாம். சனிக்கிழமை வீட்டுக்கு வர்ற சேவலும் வேண்டாம். கல்யாணமே வேண்டாம்னு நான் சொல்லலே. நான் இன்னும் பாத்து முடிக்கலே. முடிச்சதும் நானே உங்ககிட்ட வந்து, பசிக்குதுன்னு சொல்றேன்."

யாரோ ஒரு கிழவர், "பொண்ணு வாயாலயே சொல்லிட்டா" என்றார். லெனியா மறுபடி குலவையிட்டாள். எதற்கும் குலவையிடுகிற பெண் அவள். யோராம் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். ஊரார் உசிபா கருவாட்டுக் குழம்போடு களியைச் சாப்பிட்டார்கள். பறவைகளை யாரும் தொடவில்லை. எனக்கு முதல் பந்தியில், முதல் தட்டு. சும்மா தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஆக அக்கா, உன் மகள் யாருக்கும் நிச்சயமாகவில்லை. கொத்தனாருக்கும் இல்லை, கம்வெண்டோவின் மாவு மில் மருமகனுக்கும் இல்லை. நாளை புதன்கிழமை தெற்கே திரும்பும் கப்பலில் நானும் அவளும் புறப்படுகிறோம். சனிக்கிழமை நான் வந்து உட்கார்ந்து, கம்வெண்டோவிடம் உரிய சொற்களில் மறுப்பைச் சொல்வேன். அந்தச் சபையில் பெண் பேசுவது முறையல்ல. அது என் வேலை. அவளை இனித் தனியாக எங்கும் அனுப்ப மாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நானும் இனி எந்தக் கப்பலிலும் கால் வைக்க மாட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் பார்க்கக்கூடியதை எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடவுள் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும், உன் கோபத்திலிருந்து அத்தானைக் காக்கட்டும்.

உன் ஒரே தம்பி,
டைசன் கலேங்கா
(துணைத் தலைமை ஆசிரியர், பதினாறு வருஷமாக)

பின்குறிப்பு: புதன்கிழமை காலை, துறையிலிருந்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை உன்னிடம் கொடுத்தவள் அலினாஃபேதான். அவள் தனியாகத்தான் வந்திருக்கிறாள். திங்கட்கிழமை அவளுக்கு வேலை இருக்கிறது. எனக்கும் இருக்கிறது, ஆனால் நான் போகவில்லை. வடக்கே போகப் போக மலைகள் நேராகத் தண்ணீருக்குள் இறங்குகின்றனவாம், கரை என்பதே கிடையாதாம். கப்பல்காரர் சொன்னார். சனிக்கிழமை வடக்கே போகும் கப்பலில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான், எந்தப் பக்கக் கம்பியோரம் நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்ததும் அவள்தான். ஆகவே கம்வெண்டோ வரும்போது பேச மாமன் இல்லையே என்று நீ தேடாதே. அவளே பேசட்டும். என்னைவிடச் சுருக்கமாகப் பேசுகிறாள். நீ மட்டும் நடுவில் பேசாமல் இரு.