அலைக்கு அளவெடுத்த தையற்காரன்

மதிப்பும் கொஞ்சம் பயமும் கலந்து வணங்கும் பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டியவன் கடற்கரையிலிருந்து எழுதுவது. இங்கே நானும் என் மகளும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், என் மேல் உள்ள கோபமும் அதோடு சேர்ந்து குறைந்திருக்கும் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

"போன கையோட புள்ளையக் கூட்டிட்டு வாங்க மாப்ள" என்று பஸ் ஏற்றிவிட்டீர்கள். நானோ கிணற்றில் போட்ட கல்லாக இங்கேயே கிடக்கிறேன். உங்கள் அலுவலகத்தில் எத்தனையோ பேரின் கையைக் காலைப் பிடித்து அவளுக்கென்று வாங்கி வைத்திருக்கும் நாற்காலியில் வருகிற திங்கட்கிழமை அவள் வந்து உட்காராவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும் என்பது எனக்கு மறக்கவில்லை. ஆனால் என் தொழில் புத்தி உங்களுக்குத் தெரியும். முழு அளவும் எடுக்காமல் துணியில் கத்திரி வைக்க மாட்டேன். உங்கள் பதவி உயர்வுக்குத் தைத்த கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு நீங்கள் "நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்று சொல்லிக்கொண்டே இடது தோளை லேசாக இழுத்துவிட்டுக்கொண்டீர்களே, அப்போதே அதைக் கழற்றி வாங்கி, தோளைப் பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்தவன் நான். அதே கவனத்தோடுதான் இங்கேயும் விசாரித்தேன்.

முதலில் அந்தச் 'சுறா' விஷயம். சுறா என்கிற ஆளிடம் நம் பிள்ளை வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டு, மீசையும் பச்சை குத்திய கையுமாக ஒரு முரடனை நீங்களும் நானும் கற்பனை செய்து ராத்தூக்கம் கெட்டோம். சுறா என்பது பட்டப்பெயர்தான்; ஆள், கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஒல்லியான அம்மா. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். அவருடைய கடை ஒரு நீளமான தகரக் கொட்டகை. உள்ளே, துணிக்கடையில் சுருட்டி நிறுத்திய துணிகளைப் போல, அலைச்சறுக்குப் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. நெட்டை, குட்டை, உருண்ட மூக்கு, கூர் மூக்கு, அடியில் மீனுக்கு இருப்பது போலத் துடுப்பு. நம் பிள்ளை விடிந்ததும் கரையில் போய் நின்று கடலையே கொஞ்ச நேரம் முறைத்துப் பார்க்கிறாள். பிறகு வந்து, வாடகைக்குக் கேட்பவர்களை மேலும் கீழும் பார்த்து, "உங்களுக்கு இன்னைக்கு இதுதான்" என்று ஒன்றை உருவிக் கொடுக்கிறாள். எதிர்த்துப் பேச ஆளில்லை. வீட்டில் தட்டை எடுத்து வைக்கச் சொன்னால் மூன்று முறை காது கேட்காத பிள்ளை இது.

திட்டுவதற்கு முன் விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே என்று நானும் ஒரு பலகை கேட்டேன். இடுப்பளவுத் தண்ணீர்தான், உங்கள் தங்கையிடம் சொல்லிவிடாதீர்கள். "என் பலகையை நானே எடுத்துக்கிறேன், அளவெடுக்க எனக்கா சொல்லித் தர்ற?" என்று, என் உடம்புக்குத் தக்கபடி குட்டையாக, ஒல்லியாக, கூர் மூக்கோடு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கச்சிதமான பொருத்தம். ஏறிப் படுத்தேன். அது என்னைச் சுமந்துகொண்டு நேராகத் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. அலையென்று பார்த்தால் முழங்கால் உயரம்கூட இல்லை, அதற்கே வாயிலும் மூக்கிலும் உப்புத் தண்ணீர் ஏறி, பல்செட்டைத் தேடி மணலைத் துழாவிக்கொண்டிருந்தேன். பிள்ளை ஓடி வந்து தூக்கிவிட்டாள்.

"அப்பா, இன்னைக்கு அலை சோம்பேறி. அதுக்குத் தள்ளத் தெம்பு இல்ல. நீளமா, அகலமா, தடியா இருக்கிற பலகைதான் அதுல மிதந்து ஓடும்."

"என் உயரத்துக்கு எதுக்கும்மா அவ்ளோ நீளம்?"

"உங்களுக்கு மட்டும் அளவெடுத்தாப் போதாதுப்பா. அலைக்கும் எடுக்கணும்."

மச்சான், காலமெல்லாம் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்தவன் நான். இப்படி ஒரு வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை. கதவு அகலத்துக்கு ஒரு நெட்டைப் பலகையை இழுத்து வந்து என்னைக் குப்புறப் படுக்க வைத்தாள். பின்னாலிருந்து அந்தச் சோம்பேறி அலை வந்தது. தள்ளியது. அவ்வளவுதான், நான் போகிறேன்! கால் அசைக்கவில்லை, கை அசைக்கவில்லை, கரை என்னை நோக்கி வருகிறது! மணலில் தட்டி நின்ற பிறகும் பலகையை விட மனம் வராமல் அப்படியே படுத்துக் கிடந்தேன். நான் மயக்கம் போட்டுவிட்டேன் என்று நினைத்து யாரோ சோடா வாங்க ஓடினார்கள்.

அதற்கு நன்றிக்கடனாக மறுநாள் கடையில் ஏதாவது உதவி செய்யலாம் என்று பார்த்தால், எல்லாப் பலகையின் மேலும் மெழுகு பிசுபிசுவென்று அப்பிக் கிடந்தது. துணியில் மெழுகு சிந்தினால் மேலே காகிதம் வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டு எடுப்பது என் கைப்பழக்கம் அல்லவா? பிள்ளையும் டீச்சரம்மாவும் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, முதல் பலகைக்குச் செய்தித்தாள் வைத்து இஸ்திரி போட்டேன். மெழுகு காகிதத்துக்கு வந்ததோ இல்லையோ, காகிதத்திலிருந்த வானிலை அறிக்கை பலகைக்குப் போய்விட்டது. விட்டேனா? மீதியெல்லாவற்றையும் கரண்டியால் சுரண்டி, துணியால் துடைத்து, முகம் பார்க்கிற மாதிரி பளபளவென்று ஆக்கினேன். அந்த மெழுகு கால் வழுக்காமல் இருக்க அவர்களே பாடுபட்டுத் தேய்த்தது என்று யார் கண்டார்கள்? அன்று காலை கடலுக்குள் போனவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வாழைப்பழத் தோலில் கால் வைத்தவர்களைப் போல விழுந்தார்கள். டீச்சரம்மா வந்தார். ஒரு மெழுகுக் கட்டியை என் கையில் வைத்து, "எல்லாத்தையும் மறுபடி தேய்ங்க சார். வட்ட வட்டமா" என்றார். வகுப்பில் வெளியே நிறுத்தப்பட்டவன் போலத் தேய்த்தேன்.

பிறகு வந்தது பெரிய அலை நாள். தூரத்தில் எங்கேயோ புயலாம். ராத்திரி முழுக்கக் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. சின்ன அலைக்கே அவ்வளவு நீளம் என்றால் இதற்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு, இருப்பதிலேயே நெட்டையான, தடியான பலகையைத் தலையில் சுமந்துகொண்டு போய்ப் பிள்ளை முன்னால் இறக்கினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"இது செங்குத்தா எழும்பி விழுற அலைப்பா. இதைக் கொண்டு போனா மூக்கு குத்திக்கிட்டுத் தலைகீழா போயிடுவேன். குட்டைதான் சட்டுன்னு திரும்பும்."

"அப்போ செவுத்துல தொங்குதே, ஊசி மாதிரி நீளமா ஒண்ணு?"

"அது மலை மாதிரி வர்றப்போ. அப்போ வேகமா ஓடணுமே."

சின்னதுக்கு நெட்டை, பெரியதற்குக் குட்டை, ரொம்பப் பெரியதற்கு மறுபடி நெட்டை. உங்கள் தங்கையோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவனாகையால் இந்தக் கணக்கு எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

அவள் போனாள். நான் கரையில் நின்றேன். எழுதத் தெரியவில்லை மச்சான், இருந்தாலும் எழுதுகிறேன். ஒரு தண்ணீர்ச் சுவர் எழுந்தது. பச்சை நிறம், உள்ளே வெயில். அந்தச் சுவரில் ஒரு சின்ன உருவம் எழுந்து நின்றது. இருட்டறைக்குப் போகப் பயந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்த அதே உருவம். சுவர் அவள் தலைக்கு மேல் வளைந்து மூடியது. அவளைக் காணோம். அப்புறம் அந்த நுரைக்குள்ளிருந்து, நூல் ஊசிக் காதுக்குள் நுழைந்து வெளியே வருகிற மாதிரி, வந்தாள்! அவ்வளவு பெரிய கடல் அவளை ஒன்றும் செய்யவில்லை. நான் அழுதேன். வெட்கப்படவில்லை. அவள் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொட்டச் சொட்ட வந்து நின்று, "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

இருந்தாலும் கடமை கடமைதான். அன்று மாலையே நாற்காலி விஷயத்தைச் சொன்னேன். மாமா உனக்காக எவ்வளவு அலைந்தார், மாதம் பிறந்தால் சம்பளம், மின்விசிறிக்குக் கீழே இடம் என்று நீங்கள் சொல்லிக் கொடுத்ததை ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். அவள் கையிலிருந்த மெழுகுக் கட்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "சரிப்பா, வர்றேன். நல்ல வேலைதான்" என்றாள். ஆக, காரியம் முடிந்தது. நாளைக் காலை பஸ்ஸில் இருவரும் கிளம்புகிறோம். நாற்காலியைத் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், உங்கள் முழங்காலுக்கு என் பிரார்த்தனை.

என்றும் உங்கள் சொல் தட்டாத,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: நாற்காலியைத் துடைக்க வேண்டாம். இதை பஸ் நிலையத்திலிருந்து எழுதுகிறேன், பஸ் போய்விட்டது. பஸ் வந்து நின்றபோது, "உனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கா?" என்று கடைசியாக ஒரு தடவை கேட்டேன். "நல்லாத்தான்பா இருக்கும்" என்றாள். சொல்லிக்கொண்டே இடது தோளை லேசாக இழுத்துவிட்டுக்கொண்டாள். தோள் பிடிக்கிற சட்டையை நான் கடை வாசலைத் தாண்ட விட்டதில்லை மச்சான், பெற்ற பிள்ளைக்கா போட்டு அனுப்புவேன்? பெட்டியை நானே கீழே இறக்கிவிட்டேன். அவள் இப்போது கடலைப் பார்க்க ஓடிவிட்டாள். இங்கே பலகைகளுக்குத் தைத்த உறை ஒன்றுகூட உருப்படியில்லை, எல்லாம் மூக்கில் கிழிகிறது. ஆகவே என் தையல் மெஷினை லாரியில் ஏற்றி அனுப்பவும். கூடவே உங்கள் தங்கையையும். அவளுக்கு நெட்டைப் பலகைதான் சரிவரும், மெழுகு தேய்த்து எடுத்து வைத்துவிட்டேன்.