மச்சான்ர படகுக்கு நான் வைச்ச எபிரேயப் பேர்

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மனுசியின்ர தம்பி டெனிஸ் வாங்கின புதுப் படகுக்குப் பேர் பாத்து எழுதுவிக்கிறது.

"அத்தான், வேதத்தில இருந்து நல்ல பேரா ஒண்டு பாருங்கோ. நாலு மணிக்கு ஃபாதர் ஆசீர்வதிக்க வாறார்" எண்டு சொன்னவன்.

நான் வேதம் முழுக்க வாசிச்ச ஆள் இல்லை. ஆனா கையில போன் இருக்கே! தேடினன். "யோனா. எபிரேயச் சொல். பொருள்: புறா."

அடடா! சின்னப் பேர், வடிவான அர்த்தம், படகும் வெள்ளை! கீழ நீளமா ஏதோ கதை இருந்தது. அதையெல்லாம் ஆர் வாசிக்கிறது, சொல்லுங்கோ பாப்பம்?

உட்துறைமுகக் கரைக்குப் போய்ப் பெயின்ரரிட்டச் சொன்னன். மூண்டு மணிக்கு நீல எழுத்தில "யோனா" மினுங்கிச்சு. கரையில நிண்ட எல்லாருக்கும் "எபிரேயத்தில புறா!" எண்டு விளக்கம் குடுத்தன். அங்க படுத்திருந்த நாய்க்கும் குடுத்திருப்பன், அது எழும்பிப் போயிட்டுது.

அப்பதான் டெனிஸ் தன்ர ஆக்களோட வந்தான். ரெண்டு பேர் படகில ஏறிட்டினம், பின்னால நசீர் நானா வந்தார். கிண்ணியாக்காரர், டெனிஸோட கடலுக்குப் போறவர். பேரைப் பாத்தார். ஏறப்போன காலைப் பின்னுக்கு எடுத்தார்.

"தம்பி, இது எங்கட யூனுஸ் நபியெல்லே?"

"அப்பிடியோ? அர்த்தம் புறா, நானா!"

"அர்த்தம் நல்லம். அவரில எங்களுக்குப் பெரிய மரியாதை. ஆனா அவர் ஏறின கப்பலுக்கு என்ன நடந்தது எண்டு வாசிக்கேல்லையோ?"

"இல்லையே..."

"புயல் அடிச்சு, கப்பல் தாழப்பாத்து, ஆரால இந்த வினை எண்டு சீட்டுப் போட்டு, கடைசியில அவரைத் தூக்கிக் கடலில போட்டவங்கள்!"

டெனிஸ் என்னைப் பாத்தான். சீட்டே போடாமல் என்னைத் தூக்கிப் போடுற யோசினை அவன்ர முகத்தில தெரிஞ்சுது.

"இந்தப் பேரோட நான் ஏறமாட்டன்" எண்டார் நானா. ஏறி இருந்த மற்ற ரெண்டு பேரும் "எங்களுக்கும் ஏலாது" எண்டு குதிச்சிட்டினம். ஃபாதர் வர அரை மணித்தியாலம்தான் கிடக்கு!

பெயின்ரர்தான் காப்பாத்தினார். "'னா' அப்பிடியே இருக்கட்டும். முன்னெழுத்தை மட்டும் மாத்திவிடுறன்."

கொஞ்சம் அழிச்சு, கொஞ்சம் இழுத்தார். மீனா!

"பேருக்குள்ளயே மீன் இருக்கு!" எண்டு நானா முதல் ஆளா ஏறினார். எல்லாரும் கைதட்டிச்சினம். எல்லாரையும் விடக் கூடத் துள்ளினது நான்தான்.

நாலு மணிக்கு ஃபாதர் வந்தார். பின்னால கேக்கோட என்ர மனுசி. பேரை வாசிச்சா. திரும்பவும் வாசிச்சா.

"ஆர் உந்த மீனா?"

டெனிஸ் உடன சொன்னான்: "எனக்குத் தெரியாதக்கா. பேர் வைச்சது அத்தான்தான்."

"ஐயோ இல்லையப்பா! நான் முதல் வைச்சது யோனா!"

"ஓ! ரெண்டு பேரோ?"

தண்ணி தெளிக்கத் தூக்கின கையோட ஃபாதர் கடல்பக்கம் திரும்பி நிண்டார். தோள் ரெண்டும் குலுங்கிச்சு.

படகு நல்லா ஓடுது. நான் மூண்டு நாளா கடைப் பார்சல்தான் சாப்பிடுறன்.