ரோதமுனியிடம் கேட்ட டொலர் விலை

எனக்குச் சாமி வந்ததே இல்லை. நானே ஒருமுறை சாமியாகிப் போயிருக்கிறேன், அதுவும் என் பட்டத்துக்கான வாய்மொழிப் பரீட்சையின் நடுவில்.

டொலர் தலைதெறிக்க ஏறிக்கொண்டிருந்த காலம். டொலர், கடன் பத்திரம், பங்குச் சந்தை என்று பழைய விலைகளையெல்லாம் அலசி, நேற்றைய விலையை வைத்து நாளைய விலையைச் சொல்ல முடியாது என்று கண்டுபிடித்திருந்தேன். (முடியாது என்பதைக் கண்டுபிடிக்கவே தலைமுடி பாதி கொட்டிவிட்டது.) பெட்ரோல் இல்லாததால் பரீட்சை கைப்பேசி வழியே. தேறாவிட்டால், தருவதாகச் சொன்ன வேலையும் போய்விடும்.

கந்தப்பளைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான். மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையின் ஓரம், அதன் ரோதைகளை, அதாவது இயந்திரச் சக்கரங்களை, காக்கும் ரோதமுனிச் சாமியின் கல்லுக்குப் பின்னால். தூறலுக்காகக் கறுப்புப் படங்குத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

பேசத் தொடங்கியதும் மூடுபனி இறங்கியது. கல் மறைந்தது, பிறகு என் கையே மறைந்தது. ஓடாத தொழிற்சாலைக்குள் ஏதோ மெல்லச் சுற்றும் சத்தம். பயத்தில் குரலை உயர்த்தி, டொலர் ஏறினால் பத்திரம் என்னவாகும் என்று முழங்கினேன். அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“நாளைக்கு டொலர் ஏறுங்களா, எறங்குங்களா?”

என்னைப் பரீட்சித்தவர் யாழ்ப்பாணத்துப் பேராசிரியை. அவர் எங்கள் லயத்து வீடுகளின் பேச்சில் கேட்கிறாரே என்று உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்று ஆய்வின் முடிவைக் கணீரென்று சொன்னேன்.

“நெசமாவே தெரியாதா?”

இது காதோரம் கேட்டது. கைப்பேசியைப் பார்த்தேன். அது எப்போதோ செத்துப்போயிருந்தது.

அலறிக்கொண்டு எழுந்தேன். எதிரே கைகூப்பி நின்ற உருவமும் அலறியது. இருவரும் ஒரே பக்கமாக ஓடி, மோதி, தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தோம். பார்த்தால், என் அத்தை. கட்டாரில் வீட்டு வேலை செய்யும் மகள் கொடுத்துவிட்டுப் போன டொலரை மாற்றுவதா, வைத்திருப்பதா என்று தவித்துக்கொண்டிருந்தவர், கல்லுக்குப் பின்னால் டொலர் பேச்சைக் கேட்டதும் முனிதான் இறங்கிவிட்டார் என்று குறி கேட்டிருக்கிறார்.

மறுநாள் டவுனுக்கு நடந்துபோய், பேராசிரியையிடம் கெஞ்சி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அவரும் அதையேதான் கேட்டார். தெரியாது என்றேன். தேறிவிட்டேன். அத்தை டொலரில் பாதியை மாற்றினார். “தெரியலன்னு ஒத்துக்கிட்ட சாமி எங்க மருமகன் ஒருத்தன்தான்” என்று லயமெல்லாம் சொல்லிவைத்தார்.

இன்றும் வீட்டில் நான் எதற்காவது தெரியாது என்றால், எல்லோரும் ஒரே குரலில் “நெசமாவே தெரியாதா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். அத்தை மட்டும் சிரிப்பதில்லை. அவர் வாயிலிருந்து வந்தது முதல் கேள்வி மட்டும்தானாம். இரண்டாவது காதில் விழுந்துதான் அவரும் அலறினாராம்.