கீழே அனுப்பப்பட்ட ஸ்பானிஷ்

முடிச்சூரில் எங்கள் தெரு வடிகால் அடைத்துக்கொண்ட அதே வாரத்தில்தான், அதைத் திறக்க வேண்டிய அலுவலகம் உடனடியாக ஸ்பானிஷ் மொழி கற்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. ஸ்பெயினிலிருந்து ஒரு வெள்ளத் தடுப்பு நிபுணர் வரப்போகிறாராம். விருந்தினரை அவர் மொழியிலேயே வரவேற்பது பண்பாடு. வடிகாலைத் திறப்பது வெறும் வேலை. எது முதலில் நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தாழ்பகுதி வடிகால் ஒருங்கிணைப்பு அலுவலகம் என்பது அதன் முழுப்பெயர். பக்கத்து வீட்டுக் கிளியம்மாளுக்கு மனு எழுதிக் கொடுத்த பாவத்துக்கு, நானும் அவளோடு அங்கே நடையாய் நடந்தேன். தெருவிலேயே பள்ளத்தில் இருப்பது அவள் வீடு. மகள் வினிதா பிரசவம் முடிந்து பச்சைக் குழந்தையோடு அங்கேதான் படுத்திருந்தாள்.

“இன்னா சார், மழை வந்துகினு கீது. கொயந்தைய வெச்சிகினு நான் எங்க போவேன்?” என்று கேட்டாள் கிளியம்மாள்.

“கிளாஸ் நடக்குதும்மா, வெயிட் பண்ணுங்க” என்றார் தலைமை அலுவலர் ஷ்யாம்சுந்தர்.

பாடம் நடத்த வந்தவர் ஹில்டா. நாவலூரில் ஒரு கம்பெனியில் ஸ்பானிஷ் பேசிச் சம்பளம் வாங்குபவர். அவர் வணக்கம் சொல்வதிலிருந்து தொடங்கப் பார்த்தார். ஷ்யாம்சுந்தர் கையை உயர்த்தினார்.

“வணக்கம் எல்லாம் மத்தவங்க எங்களுக்கு வைக்கிறது மேடம். ஆர்டர் போடக் கத்துக்குடுங்க, போதும்.”

“சரி சார். ‘சியென்தெ’ன்னா உட்கார வைங்கன்னு அர்த்தம். கடைசியில ஒரு ‘செ’ ஒட்டுங்க. ‘சியென்தெசெ’. இப்ப நீங்களே உட்கார்ந்துக்கோங்கன்னு ஆயிடும். ‘லெவாந்தெசெ’, எழுந்துக்கோங்க. ‘லாவெசெ’, கழுவிக்கோங்க. யார்கிட்ட சொல்றோமோ அவரேதான் செஞ்சுக்கணும். எங்க சார், லெவாந்தெசெ!”

ஷ்யாம்சுந்தர் எழவில்லை. வந்த ஆணையைத் தானே நிறைவேற்றுவது அலுவலக நடைமுறை அல்ல. உரிய நடவடிக்கைக்காகக் கீழே அனுப்புவதுதான் நடைமுறை. அவர் கண்காணிப்பாளர் டேனியலைப் பார்த்து “லெவாந்தெசெ” என்றார். டேனியல் அலுவலக உதவியாளர் மாரியைப் பார்த்து “லெவாந்தெசெ” என்றார். மாரிக்குக் கீழே அந்த அலுவலகத்தில் பதவி ஏதும் இல்லை. வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. மாரி அதைப் பார்த்து அதட்டினார். நாய் எழுந்தது.

“முடிஞ்சது சார்” என்றார் மாரி.

“முடிஞ்சது சார்” என்றார் டேனியல்.

“அடுத்தது மேடம்” என்றார் ஷ்யாம்சுந்தர்.

ஹில்டா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சார், இது பாஸ் பண்ற ஆர்டர் இல்ல. உங்களுக்கே உங்களுக்கு.”

“எனக்கு வந்த ஆர்டரை எல்லாம் நானே வெச்சுக்கிட்டா, ஸ்டாஃபுக்கு என்ன மேடம் வேலை?”

ஹில்டா அடுத்த சொல்லுக்குப் போனார். வார முடிவில் நாய் சியென்தெசெ என்றால் உட்கார்ந்தது, லாவெசெ என்றால் முன்னங்காலை நக்கிக்கொண்டது. மொழிப் பயிற்சியில் இலக்கு முழுமையாக எய்தப்பட்டதாக மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. எங்கள் மனுவும் அதே வழியில்தான் கீழே இறங்கியதாகச் சொன்னார்கள். எதுவரை இறங்கியது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கிளியம்மாள் விடவில்லை. “வாசப்படி வரைக்கும் தண்ணி வந்துட்ச்சி சார்.”

“கால்மெசெ” என்றார் ஷ்யாம்சுந்தர் கனிவாக.

“இன்னாது?”

“அமைதியா இருந்துக்கோங்கன்னு அர்த்தம்மா.”



நிபுணர் எங்கள் தெருவைப் பார்க்க வந்த அன்று விடியற்காலையிலிருந்தே மழை. கிளியம்மாள் வீட்டுக் கூடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. வினிதா கட்டில்மேல் குழந்தையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் ஷ்யாம்சுந்தர், டேனியல், மாரி மூவரும் வடிகால் மூடியின்மேல் பொன்னாடையோடு நின்றார்கள். ஆணை கடைசிவரை போய்ச் சேர வேண்டுமல்லவா, நாயையும் ஜீப்பில் ஏற்றி வந்திருந்தார்கள்.

நிபுணரான ஸ்பானிஷ் அம்மையார் ஹில்டாவோடு காரிலிருந்து குடை பிடித்து இறங்கினார். மூவரின் காலடியில் சிமெண்ட் மூடி விரிசல் விடுவதைப் பார்த்துவிட்டார்.

“அபார்தெசெ!” என்று கத்தினார்.

விலகிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். பாடத்தில் வந்ததுதான். ஷ்யாம்சுந்தருக்கு நன்றாகவே புரிந்தது. உடனே டேனியலிடம் திரும்பி “அபார்தெசெ” என்றார். டேனியல் மாரியிடம் சொன்னார். மாரி நாயிடம் சொன்னார். நாய் துள்ளி விலகிக்கொண்டது. மூடி இரண்டாகப் பிளந்து, மற்ற மூவரும் உள்ளே போனார்கள்.

மார்பளவுத் தண்ணீர். ஏற முடியாமல் காலை ஏதோ பின்னியது. கீழே அனுப்ப அங்கே ஆள் இல்லை, நாயும் மேலே நின்றது. வேறு வழியின்றித் தாங்களே குனிந்து, தாங்களே இழுத்து வெளியே போட்டார்கள்: தெர்மாகோல், இளநீர் மட்டைகள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கடைசியாக முழுசாக ஒரு மெத்தை. தெருவே வேடிக்கை பார்த்தது. ஒவ்வொரு பொருளும் யார் வீட்டுடையது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

மெத்தை வந்ததும் வடிகால் களகளவென்று இழுக்கத் தொடங்கியது.

“போவுது சார்! தண்ணி போவுது!” என்று கத்தினாள் கிளியம்மாள். வினிதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

இந்த ஊரில் உயர் அதிகாரிகளே சாக்கடையில் இறங்கி வேலை செய்வார்களா என்று அம்மையார் வியந்து கேட்டாராம். ஆமாம் என்று சொல்லிவிட்டார் ஹில்டா. பாராட்டு மேலிடம்வரை போய், மறு வாரமே வீட்டுக்கு வீடு நோட்டீஸாகத் திரும்பி வந்தது: “அவரவர் வாசல் வடிகாலை அவரவரே சுத்தம் செய்துகொள்ளவும்.”

எவ்வளவு சரியான வார்த்தை! இரண்டு முறை படித்தேன். உடனே போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள். ஆளாளுக்கு அடுத்த தெருவுக்கும் அனுப்பி வைத்தார்கள்.

நேற்று மறுபடி மழை. கிளியம்மாள் வந்து என் கதவைத் தட்டினாள்.

“தண்ணி நிக்குது சார். நோட்டீஸ் பாத்தீங்களா, இல்லியா?”

“பார்க்காம என்னம்மா? அன்னைக்கே எல்லாருக்கும் அனுப்பிட்டேனே” என்றேன்.

அவள் என் வாசல் வடிகாலைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அன்று ஜீப்பில் வந்து எங்கள் தெருவிலேயே தங்கிவிட்ட நாய், அங்கே தனியாகப் பிறாண்டிக்கொண்டிருந்தது.